"நீங்க ஒரு பாவின்னு உங்களுக்குத் தெரியுமா?"

போன ஞாயிறு சாயங்காலம் நாலரை மணி இருக்கும். காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்தால் இரண்டு பெண்கள். இருபது வயசுக்கு மேல் இருக்காது. தோளில் பை, கையில் ஃபைல், முகமெல்லாம் வியர்வை. பொத்தேரி பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்களாம். பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆன்ட்டி, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

வாஷிங் பவுடர் விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏற்கெனவே மூன்று பாக்கெட் இருக்கிறதம்மா என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், உயரமான பெண் முந்திக்கொண்டாள்.

"நீங்க ஒரு பாவின்னு உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

நான் திகைத்து நிற்க, சோபாவில் பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"எனக்குத் தெரியும்மா. கல்யாணமான நாள்லேர்ந்து தெரியும்!"

என் வீட்டுக்காரர்தான். வேறு யார்?

பாவம், அந்தப் பெண்களுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்களும் சர்ச்சுக்குப் போறவங்கதாம்மா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு உட்காரவைத்து, எலுமிச்சை ஜூஸ் கொடுத்தேன். உயரமான பெண் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தப்பா ஆரம்பிச்சிட்டோமா ஆன்ட்டி? டிரெய்னிங்ல இப்படித்தான் ஆரம்பிக்கச் சொன்னாங்க..."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என்னையும் ஒரு காலத்தில் அப்படித்தான் டிரெய்ன் பண்ணினார்கள்! நானும் ஒரு வீட்டுக்குப் போய், அதே வார்த்தையைச் சொல்லி, அதே மாதிரி நின்றவள்தான். ஒரு வித்தியாசம். அந்த வீட்டில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. ஜூஸும் கொடுக்கவில்லை.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பது தெரியும். போன இடத்தில் சில சமயம் தூங்குகிறவள் என்பதும் தெரியும். ஆனால் இந்தக் கதையை உங்களுக்குச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம்.

எண்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மாவுடன் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை போர்ஷனில் இருந்தேன். எழும்பூரில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை.

அந்த ஆபீஸில் ஒரு சூப்பிரண்டெண்ட். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் நாக்கு சும்மா இருக்காது. ஒரு நாள் லஞ்ச் டயத்தில், பத்துப் பேர் முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, உங்க தாத்தா மிஷன்ல குடுத்த பால் பவுடருக்காக மாறினாரா, கோதுமை மாவுக்காக மாறினாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா?

நானும் சிரித்தேன்.

சாயங்காலம் எலெக்ட்ரிக் டிரெயினில் தாம்பரம் வரும்வரை அந்தச் சிரிப்பு வாயில் கசந்துகொண்டே இருந்தது. என் தாத்தா பவுடருக்கு மாறினவர் இல்லை. அவர் எதற்காக மாறினார், எத்தனை பேர் ஏச்சைக் கேட்டுக்கொண்டு மாறினார் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் கதை கதையாகச் சொல்வார்கள். அதில் ஒரு வரி கூட என் வாயில் வரவில்லையே! இனி எவர் என்ன கேட்டாலும் பதில் இல்லாமல் நிற்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் சர்ச்சில் பிரபாகர் பிரதர் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். இவர் ஒரு இன்ஜினீயர். முப்பது வயசு. பெங்களூரில் ஏதோ கேம்ப்புக்குப் போய்விட்டு, ஒரு கட்டு சைக்ளோஸ்டைல் ஷீட்டோடு வந்து இறங்கினார். நம்முடைய விசுவாசத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் எப்படி விளக்குவது, எப்படிப் பதில் சொல்வது... சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் ஹாலில் வகுப்பு. பன்னிரண்டு பேர், ஒரே ஒரு ஃபேன்.

எல்லாச் சாமியும் ஒன்றுதானே? நல்லவர்களாக இருந்தால் போதாதா? கடவுள் இருக்கிறார் என்றால் இத்தனை கஷ்டம் ஏன்? கேள்வியும் பதிலுமாக நம்பர் போட்டு அடித்திருந்தார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்பதற்கும் பாயிண்ட் பாயிண்டாக ஒரு ஷீட். என் பால் பவுடர் கேள்வி மட்டும் அதில் இல்லை. முதல் நாளே தேடிப் பார்த்துவிட்டேன்.

ஜோடி ஜோடியாக நிறுத்திப் பயிற்சி வேறு. ஒருவர் விசுவாசி, இன்னொருவர் கேள்வி கேட்கிற பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் ஷீட்டிலுள்ள பதிலை ஒப்பித்ததும், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உடனே, "ஓ, அப்படியா! இப்போதுதான் எனக்கு விளங்குகிறது" என்பார். வாசகர்களே, உங்கள் ஆயுசில் எந்தப் பக்கத்து வீட்டுக்காரராவது உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாரா?

ஆனால் எனக்கு அந்த வகுப்பு பிடித்திருந்தது. மனசுக்குள் ஒரு தெம்பு வந்தது. பஸ்ஸில் ஷீட்டை மடித்து வைத்துக்கொண்டு மனப்பாடம் பண்ணினேன்.

ஆறாவது வாரம் பிரபாகர் பிரதர் ஹோம்வொர்க் கொடுத்தார். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஒவ்வொருத்தரும் ஒருத்தர்கிட்டப் பேசணும். வந்து ரிப்போர்ட் சொல்லணும்."

சூப்பிரண்டெண்டிடம் போய் ஆரம்பிக்கிற தைரியம் எனக்கு இல்லை. லேசான இடமாகப் பார்த்தேன். சரோஜா அக்கா!

எங்கள் காம்பவுண்டிலேயே அடுத்த போர்ஷன். முப்பது வயசு. சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான். கல்யாணமான எட்டாவது மாசம், புருஷன் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயிலில் அடிபட்டுப் போய்விட்டார். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

காலையில் இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவோம். எனக்கு முட்டி மோதி ஏறத் தெரியாது. அக்கா முதலில் ஏறி, "தள்ளுய்யா, பொம்பள புள்ள வருது" என்று சத்தம் போட்டு, டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பார். கூடப் பிறந்த அக்கா எனக்குக் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு மத்தியானம் அவர் அம்மா திருநீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா என் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் போய் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா பாப்பா, மூஞ்சி பரீட்சைக்குப் போறாப்பல கீது?"

"ஒண்ணுமில்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன். இதுக்கு இன்னாத்துக்கு பெர்மிஷன்?"

முதல் கேள்வியை நேராகப் போட்டேன். ஷீட்டில் இருந்தபடியே. "நீங்க ஒரு பாவின்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

மெஷின் நின்றது.

"இன்னா சொன்ன?"

எதிராளி திருப்பிக் கேட்டால் ஆர்வம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் ஷீட்டில் போட்டிருந்தது! எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. இரண்டாவது பாயிண்டைத் தாண்டி மூன்றாவதுக்கே பாய்ந்தேன். "பாவத்தாலதான் அக்கா, சாவே வந்துச்சு."

அவர் என்னையே பார்த்தார். "சாவு... என் பாவத்தாலயா வந்துச்சு?"

"ஆமாக்கா. எல்லாரோட பாவத்தாலயும்..."

'எல்லாரோட' அவர் காதில் விழவேயில்லை. 'ஆமாக்கா'வோடு அவர் எழுந்துவிட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஒரு கை மட்டும் வைத்திருந்த ஜாக்கெட்டை மடித்து என் மடியில் போட்டார்.

"எட்துகினு போ."

"அக்கா, நான்..."

"நீயுமா பாப்பா? போ. எனக்கு வேல கீது."

கதவு சாத்திக்கொண்டது. நான் ஒற்றைக் கை ஜாக்கெட்டோடு வெளியே நின்றேன்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். எங்கள் அம்மா திருநெல்வேலிக்காரி. கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்க? அந்தப் பிள்ளை புருஷன் செத்த பதினாறாம் நாளு, சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரு முன்னால, மாமியாக்காரி என்ன சொன்னா தெரியுமா? 'பாவி, வந்த வருசமே எம் பிள்ளைய முழுங்கிட்டியே'ன்னு சொன்னாளாம். அந்த வீட்டுல அதுக்கப்புறம் அவளுக்குப் பேரே பாவிதானாம். பாவி வந்தா, பாவி போனான்னுதான் பேச்சாம். அது தாங்காமத்தான் இங்க வந்து கெடக்கா. என்கிட்டச் சொல்லி எத்தனை நாளு அழுதிருக்கா! நீ போயி அதே வார்த்தையச் சொன்னியோ?"

ஜாக்கெட்டோடு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். சர்ச்சுக்குள் 'பாவி' என்பது எங்களுக்கு எவ்வளவு சாதாரண வார்த்தை! பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, அது வலிக்கிற வார்த்தை என்பதே மறந்துவிட்டது. வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் அது வசவு. அதிலும் தாலி இழந்த பெண்ணைப் பார்த்துச் சொன்னால் கொலைக் குற்றம் சாட்டுவது மாதிரி. நான் என் விசுவாசத்தை விளக்கப் போனேன். அக்காவுக்குக் கேட்டதோ அவர் மாமியார் குரல்.

திங்கட்கிழமை அக்கா முந்தின பஸ்ஸில் போய்விட்டார். செவ்வாயும் அப்படித்தான். அடி பம்பில் நான் குடத்தோடு போனால், பாதிக் குடத்தோடு நகர்ந்துவிடுவார். புதன்கிழமை ஒரே பஸ்ஸில் ஏறும்படி ஆகிவிட்டது. அவர் உட்கார்ந்திருந்தார். டிபன் பை அவர் மடியில் இருந்தது. பக்கத்து ஸீட்டில் வேறு யாரோ. தாம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே, அழுகையை அடக்கிக்கொண்டு போனேன். நான் சூப்பிரண்டெண்டுக்குப் பதில் சொல்லத்தானே கற்றுக்கொள்ளப் போனேன்? இருந்த ஒரு அக்காவையும் தொலைத்துவிட்டு நிற்கிறேனே!

சனிக்கிழமை வகுப்பு. ரிப்போர்ட். என் முறை வந்ததும் எழுந்து, நடந்ததை அப்படியே சொன்னேன்.

பிரபாகர் பிரதர் மெதுவாகச் சொன்னார். "சிஸ்டர், வேதத்துல வார்த்தை அதுதானே? நாம மாத்த முடியுமா?"

"மாத்தச் சொல்லலை பிரதர். அவங்க வீட்டுல அந்த வார்த்தைக்குப் புருஷனை முழுங்கினவள்னு அர்த்தம். அதை நான் சொல்லிட்டேன். இப்ப நான் என்ன பதில் சொல்றது? ஷீட்ல எத்தனாவது நம்பர்?"

கோபமாகத்தான் கேட்டேன். அவர் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. ஷீட்டைக் கையில் எடுத்து, முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று புரட்டினார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லை சிஸ்டர். இதுல இல்லை. எனக்கும் தெரியலை."

அத்தனை வாரத்தில் அந்த மனுஷர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த பதில் அதுதான். அன்றைக்கு அதற்கப்புறம் பாடம் நடக்கவில்லை. எங்கள் வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று பேசினோம். 'விசுவாசம்' என்றால் சேலையூரில் தன் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய நாய்தான் ஞாபகம் வரும் என்றார் ஒருவர். 'சாட்சி சொல்ல வாங்க' என்று கூப்பிட்டால் கோர்ட்டுக்கா என்று பயப்படுகிறார்கள் என்றார் இன்னொருவர். சிரித்தோம். எனக்கு மட்டும் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே அக்கா வாசலுக்குப் போனேன். ஷீட் எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா மெஷினில் இருந்தார். நிமிரவில்லை.

"அக்கா, நான் எதுவும் விளக்க வரலை. மன்னிப்புக் கேக்க வந்தேன். அந்த வார்த்தை உங்களுக்கு என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சா சொல்லிருக்க மாட்டியா?"

நல்ல கேள்வி.

"தெரிஞ்சிருந்தா... முதல்ல என்னைச் சொல்லிட்டு அப்புறம்தான் சொல்லிருப்பேன்."

"உன்ன இன்னான்னு?"

"பாவின்னுதான்."

"ஐய! நீ இன்னா பாவம் பண்ண? எறும்ப மிதிக்க மாட்ட."

"பக்கத்து வீட்டு அக்காவை அழ வச்சேனேக்கா."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"எங்க சர்ச்ல அந்த வார்த்தையை யாரையும் பாத்துச் சொல்றதில்லக்கா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா மண்டி போட்டு, நான் தப்புப் பண்ணிட்டேன், நான் பாவின்னு அவங்கவங்களைச் சொல்லிக்குவோம். எங்க ஐயர்கூடச் சொல்லுவார்."

"ஐயரா? உங்க கோயில்லயும் ஐயரு கீறாரா?"

"பாதிரியாரைத்தான் எங்க ஊர்ல ஐயர்னு சொல்லுவாங்கக்கா."

அக்கா லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் முகம் மாறியது. துணியை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அல்லாருமா சொல்லுவாங்க? ஆம்பளைங்களும்?"

"ஆமாக்கா."

"மாமியாருங்களும்?"

அந்தக் கேள்விக்காக உலகத்தில் எந்த கேம்ப்பும் என்னைத் தயார் பண்ணியிருக்க முடியாது. "மாமியாருங்களும்தான் அக்கா. சத்தமா."

"தோ பாரு, டபாய்க்காத. எங்க மாமியா மாறி ஒண்ணு, முட்டி போட்டுகினு, தன் வாயால, நான் பாவின்னு சொல்லுமா?"

"சொல்லணும்க்கா."

அக்கா மெஷினில் நூலை மாற்றிக் கோத்தார். பிறகு கையை நீட்டி, "அந்த ஜாக்கெட்ட எட்தா. இன்னொரு கை பாக்கி கீது" என்றார். நான் எழுந்து வாசலுக்குப் போனதும் பின்னாலிருந்து குரல்.

"ஒரு தபா கூட்டிகினு போ. நான் பாக்கணும்."

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். சரோஜா அக்கா மதம் மாறவில்லை. இன்றைக்கும் சனிக்கிழமையானால் திருநீர்மலைப் படியேறுகிறவர்தான். அதனால் நான் தோற்றுவிட்டேன் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பதிலைத் தயாராக வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் எதிரே இருப்பவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதில் நாம் எல்லோருமே கெட்டிக்காரர்கள். அவர் கேட்கிற கேள்வி வருகிறவரை வாயை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்காருவது இருக்கிறதே... அதுதான் கஷ்டம்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தார். நல்ல புடவை, தலையை இழுத்துச் சீவிக் கொண்டை. செருப்பை எங்கே விடுவது என்று கேட்டுக்கொண்டு, கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆராதனையில் அந்த இடம் வந்தது. பெஞ்சுகள் கிறீச்சிட, அத்தனை பேரும் மண்டி போட்டார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அக்கா கேட்கிறாரா? புரிகிறதா? இதுதானே என் பதில்!

முடிந்து வெளியே வந்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை. "எப்படிக்கா இருந்துச்சு?"

"நெஜந்தான் பாப்பா. அல்லாரும் சொன்னாங்க. உங்க ஐயரு சொன்னாரு. முன்னாடி கண்ணாடி போட்டுகினு ஒரு கெய்வி இருந்துச்சே, அது அழுதுகினே சொல்லிச்சு. ஒருத்தரும் பக்கத்துல இருக்கறவங்களக் கைய காட்டல. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

"நீ ஒருத்திதான் சொல்லல."

"நானா?"

"எங்க சொன்ன? முட்டி போட்டுகினு, என் மூஞ்சியவே பாத்துகினு இருந்த. வாயே அசையல."

மறு வாரம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.